பார்த்தால் ஒளி மாறிவிடுமா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உயர்தரப் பௌதிகவியலில் ஒளிமின் விளைவு (ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து இலத்திரன் வெளியேறுவது) படிப்பித்து முடிந்ததும் இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். வாழைச்சேனை வகுப்பென்றாலும் சரி, கல்முனை, அக்கரைப்பற்று வகுப்பென்றாலும் சரி, யாராவது ஒருவர் யூடியூப்பில் எதையோ பார்த்துவிட்டு வந்து, "சேர், நாங்கள் பார்க்கிறோம் என்று ஒளிக்குத் தெரியுமாமே?" என்று கேட்பார். வகுப்பில் அதற்குப் பதில் சொல்ல நேரம் போதாது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

அவசரக்காரருக்குச் சுருக்கமான பதில்: ஒளிக்கு எதுவும் தெரியாது. கண்ணும் மனமும் தேவையில்லை. ஒரு போட்டன், அதாவது ஓர் ஒளித்துகள், எந்த வழியால் வந்தது என்ற தடயம் உலகில் எங்காவது பதிந்துவிட்டால் அதுவே போதும், ஒளியின் நடத்தை மாறிவிடும். பொறுமை உள்ளவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

எல்லோரும் பேசும் அந்த இரட்டைப் பிளவுப் பரிசோதனை என்ன?

அருகருகே இரண்டு நுண்ணிய பிளவுகள். ஒரு பக்கத்திலிருந்து ஒரே நிற ஒளியை விடுகிறோம், மறுபக்கத்தில் திரை. ஒளி வெறும் துகள்களின் ஓட்டமாக இருந்தால் திரையில் இரண்டு வெளிச்சப் பட்டைகள் விழ வேண்டும். விழுவதோ ஒளியும் இருளும் மாறிமாறி வரும் பல வரிகள். இரண்டு பிளவுகளிலிருந்தும் வரும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, சில இடங்களில் அழிக்கின்றன. இதுதான் தலையீடு. தோமஸ் யங் என்ற ஆங்கில மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் காட்டி, ஒளி துகள்தான் என்றிருந்த நியூட்டன் காலத்து நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தார்.

கணக்குப் பிரியர்களுக்கு: வரிகளுக்கிடையேயான தூரம், அலைநீளத்தைத் திரைத் தூரத்தால் பெருக்கி, பிளவுகளின் இடைவெளியால் வகுத்தால் வரும். 650 நனோமீற்றர் சிவப்பு லேசர், 0.25 மில்லிமீற்றர் இடைவெளி, 2 மீற்றர் தூரத்தில் சுவர் என்றால் வரிக்கு வரி 5.2 மில்லிமீற்றர். வெறுங்கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அலை என்று அப்போதே முடிவாகிவிட்டதே, பிறகு போட்டன் எங்கிருந்து வந்தது?

இது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருப்பதால் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1900 இல் மக்ஸ் பிளாங்க் சக்தியைச் சொட்டுச் சொட்டாக எண்ணினார். 1905 இல் ஐன்ஸ்டைன் ஒளியே அப்படித்தான் உலோகத்துக்குச் சக்தியைக் கொடுக்கிறது என்றார். 1923 இல் ஆதர் கொம்ப்டன், எக்ஸ் கதிர் இலத்திரனில் மோதித் தெறிக்கும்போது உந்தமும் கைமாறுகிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு ஒளித்துகளை மறுக்க முடியாமல் போயிற்று.

நிறையப் போட்டன்கள் ஒன்றோடொன்று மோதுவதால்தான் வரிகள் வருகின்றனவா?

நல்ல சந்தேகம். ஒரு மில்லிவாற் சிவப்பு லேசர் செக்கனுக்கு ஏறத்தாழ 3 இன் பின்னால் 15 பூச்சியங்கள் போட்ட அளவு போட்டன்களைக் கக்குகிறது. லேசருக்கும் 2 மீற்றர் தள்ளியிருக்கும் சுவருக்கும் நடுவே எந்தக் கணத்தில் பார்த்தாலும் 2 கோடிக்கு மேற்பட்டவை பறந்துகொண்டிருக்கும். அவை கூட்டுச் சேர்ந்து ஏதோ செய்கின்றன என்று நினைப்பதில் தவறில்லை.

ஆகவே ஒளியை மங்கலாக்கிப் பார்த்தார்கள். 1909 இல் கேம்பிரிட்ஜில் ஜெஃப்ரி டெய்லர் என்ற இளைஞர் ஒரு வாயு விளக்கின் ஒளியைப் புகை பிடித்த கண்ணாடிகளால் மங்கச்செய்து, ஓர் ஊசியின் நிழலைப் படத்தட்டில் பதித்தார். ஏறத்தாழ மூன்று மாதம் ஒளிபட விட்ட தட்டிலும் ஊசியைச் சுற்றிய வரிகள் வழக்கம்போலவே தெளிவாக இருந்தன.

ஆனால் மங்கலான ஒளி என்பதும் தனித்தனிப் போட்டன் என்பதும் ஒன்றல்ல. மங்கலான விளக்கிலிருந்து சில வேளை இரண்டு போட்டன்கள் சேர்ந்தும் வரலாம். உண்மையிலேயே ஒவ்வொன்றாகப் போட்டனை அனுப்பி இந்தக் கேள்வியை முடித்துவைத்தது 1986 இல் பிரான்சில் கிராஞ்ஜியே, ரொஜே, அஸ்பே ஆகிய மூவரும் செய்த பரிசோதனை. பாதி ஒளியை விட்டு மீதியைத் திருப்பும் கண்ணாடியில் ஒரு போட்டனை விட்டு, இரண்டு பக்கமும் உணரிகளை வைத்தால் ஏதாவது ஒன்றுதான் அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து அடிப்பதில்லை. ஆகவே போட்டன் பாதியாக உடைவதில்லை. அதே போட்டன்களை இரண்டு வழிகளாலும் விட்டு மீண்டும் ஒன்றுசேர்த்தால் தலையீடு வருகிறது. தனியாக வந்த போட்டனுக்கு மோத இன்னொரு போட்டன் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகத்தான் விழுகிறது. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேரும்போது, எவரும் வரையாமலே வரிகள் எழுந்து வருகின்றன.

அப்படியானால் போட்டன் எந்தப் பிளவால் போனது என்று பார்த்துவிடலாமே?

இங்கேதான் சுவாரசியம் தொடங்குகிறது. போட்டனைப் "பார்ப்பது" இலேசான காரியம் அல்ல. உணரியில் விழுந்த போட்டன் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும், திரைக்கு வராது. ஆகவே போட்டனில் ஓர் அடையாளம் போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு வசதியானது முனைவாக்கம், அதாவது ஒளியலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பது.

இப்படிச் செய்யுங்கள். லேசர் ஒளி 45 பாகையில் அதிரட்டும். இடது பிளவின் முன்னே நிலைக்குத்தான ஒளியை மட்டும் விடும் முனைவாக்கத் தாள். வலது பிளவின் முன்னேயும் அதே மாதிரி நிலைக்குத்துத் தாள். திரையில் வரிகள் அப்படியே இருக்கும், கொஞ்சம் மங்கலாக. இப்போது வலது தாளை மட்டும் 90 பாகை திருப்பிக் கிடையாக்குங்கள். வரிகள் காணாமல் போய்விடும். திரை முழுக்க மழுங்கலான ஒரே வெளிச்சம்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். தாள் அதே தாள், அது உறிஞ்சும் ஒளியின் அளவும் அதே அளவு. முதல் முறை தாள் இருந்தும் வரிகள் இருந்தன, ஆகவே தாள் இருப்பது வரிகளைக் கெடுக்கவில்லை. இரண்டாம் முறை மாறியது ஒன்றே ஒன்று: திரைக்கு வரும் ஒவ்வொரு போட்டனும் தான் வந்த வழியின் அடையாளத்தைத் தன் முனைவாக்கத்தில் சுமந்து வருகிறது. அந்த அடையாளத்தை யாரும் வாசிக்கவில்லை, வாசிக்கப்போவதும் இல்லை. வாசிக்க முடியும் என்ற நிலை இருந்ததே வரிகள் மறையப் போதுமாகிவிட்டது.

அப்புறம் இன்னும் ஒரு வேலை செய்யலாம். திரைக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு தாளை 45 பாகையில் வையுங்கள். அதைத் தாண்டி வரும் ஒளியெல்லாம் 45 பாகையில்தான் அதிரும், இடதா வலதா என்ற அடையாளம் அழிந்துவிட்டது. வரிகள் திரும்பி வந்துவிடும்! அந்தத் தாளை மற்றப் பக்கம் 45 பாகை திருப்பினாலும் வரிகள் வரும், ஆனால் முன்பு ஒளி இருந்த இடத்தில் இருளும் இருள் இருந்த இடத்தில் ஒளியுமாக. இரண்டு படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பழைய மழுங்கல் வெளிச்சம்தான் கிடைக்கும். இதைக் கவனத்தில் வைத்திருங்கள், காலத்தைப் பற்றிய கேள்விக்கு உதவும்.

கருவி போட்டனைத் தட்டிவிடுவதால்தானே வரிகள் குழம்புகின்றன?

பாடப் புத்தகங்கள் பலவும் இப்படித்தான் சொல்லிவந்தன. 1927 இல் ஹைசன்பேர்க், ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற நிச்சயமின்மைத் தத்துவத்தை விளக்கும்போது காட்டிய கற்பனை நுணுக்குக்காட்டியும் இதே பாணிதான்: இலத்திரனைப் பார்க்க அதன்மேல் ஒளி விழ வேண்டும், விழுந்தால் அதன் உந்தம் மாறிவிடும்.

நம் வாவியின் பாடும் மீன்களைக் கேட்கப் போவதோடு இதை ஒப்பிடுவார்கள். பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு, அதன் நுனியில் காதை வைத்தால் ஒலி கேட்கும். எஞ்சின் ஓடினால் கேட்காது, ஏனென்றால் நாம் போடும் சத்தம் அதைக் கெடுக்கிறது. ஒப்பீடு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முக்கியமான இடத்தில் காலை வாருகிறது. வாவியில் நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒலி அங்கே இருக்கிறது. மெதுவாகப் போகப்போக இன்னும் தெளிவாகக் கேட்கும். ஒளியிலோ, எவ்வளவு மென்மையாகத் தொட்டாலும், வழி தெரிந்துவிட்டால் வரிகள் இல்லை.

இது வெறும் வாதம் அல்ல. 1991 இல் ஸ்கல்லி, எங்லேர்ட், வால்தர் ஆகியோர் உந்தம் அளவில் எந்தத் தட்டுதலும் இல்லாமலே வழியை அறியும் ஏற்பாட்டை முன்மொழிந்தார்கள். 1998 இல் ஜேர்மனியில் டூர், நொன், ரெம்பே ஆகியோர் ரூபிடியம் அணுக்களை வைத்து அதுபோன்ற ஒன்றைச் செய்தே காட்டினார்கள். அணு போன வழியை அதன் உள்நிலையில் மைக்ரோ அலையால் பதித்தார்கள். அந்தப் பதிவு கொடுத்த தள்ளல், வரிகளைக் கலைக்கத் தேவையானதைவிட மிக மிகச் சிறியது. இருந்தும் வரிகள் மறைந்தன. தட்டுதல் சில பரிசோதனைகளில் நடக்கலாம், ஆனால் அடிப்படைக் காரணம் அது இல்லை.

யாராவது ஒரு மனிதர் பார்க்க வேண்டாமா? மனம் இல்லாமல் அளவீடு ஏது?

வேண்டாம். முனைவாக்கத் தாளுக்கு மனம் கிடையாது. இன்னும் தெளிவான சாட்சி வியன்னாவிலிருந்து வருகிறது. அங்கே சைலிங்கர் குழு 1999 இல் 60 காபன் அணுக்கள் கொண்ட ஃபுலரீன் மூலக்கூறுகளே தலையீட்டு வரிகளைத் தருவதைக் காட்டியது. பிறகு 2004 இல் 70 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கிப் பார்த்தார்கள். சூடான பொருள் ஒளி விடும் அல்லவா? சூடு ஏற ஏற மூலக்கூறுகள் வழியிலேயே போட்டன்களை விட்டன, வரிகள் படிப்படியாக மங்கி மறைந்தன. அந்தப் போட்டன்களை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. அவை தப்பிப் போகும்போது மூலக்கூறு இருந்த இடத்தின் செய்தியையும் கொண்டுபோய்விட்டன, அவ்வளவுதான்.

நம்மைச் சுற்றியுள்ள பெரிய பொருட்கள் இரண்டு இடத்தில் ஒரே நேரம் இருப்பதுபோல் நடந்துகொள்ளாததற்கும் பெருமளவு காரணம் இதுதான். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் அவை இருக்கும் இடத்தை ஓயாமல் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன.

பாதி தெரிந்தால் என்ன நடக்கும்?

எனக்குப் பிடித்த கேள்வி இது, யாரும் கேட்பதில்லை என்பதால் நானே கேட்டுக்கொள்கிறேன். வழியைப் பற்றிய அறிவை D என்றும் வரிகளின் தெளிவை V என்றும் வையுங்கள், இரண்டும் 0 முதல் 1 வரை. D இன் வர்க்கத்தையும் V இன் வர்க்கத்தையும் கூட்டினால் 1 ஐத் தாண்ட முடியாது. 1996 இல் எங்லேர்ட் இதைத் தெளிவாக நிறுவினார்.

நம் முனைவாக்கத் தாள்களிலேயே இதைக் காணலாம். இரண்டு தாள்களுக்கும் இடையே உள்ள கோணத்தை 90 பாகையில் விடாமல் 37 பாகையில் வையுங்கள், விழும் ஒளியின் அதிர்வுத் திசை இரண்டுக்கும் நடுவே இருக்கட்டும். V என்பது அந்தக் கோணத்தின் கோசைன், 0.8. D என்பது சைன், 0.6. மூன்று நான்கு ஐந்து முக்கோணி இங்கேயும் வந்துவிட்டது. D 0.6 என்றால் போட்டன் வந்த வழியைப் பத்துக்கு எட்டுத் தடவை சரியாக ஊகிக்கலாம் என்று பொருள். அவ்வளவு தெரிந்தும் வரிகள் 80 சதவீதத் தெளிவோடு நிற்கின்றன. "பார்த்தால் துகள், பார்க்காவிட்டால் அலை" என்று சுவிட்ச் போடுவதுபோலச் சொல்லும் வீடியோக்கள் இந்த நடுப்பகுதியை முழுதாக விட்டுவிடுகின்றன.

பின்னால் எடுக்கும் முடிவு முன்னால் நடந்ததை மாற்றுமாமே?

1978 அளவில் ஜோன் வீலர் ஒரு கேள்வி போட்டார்: போட்டன் கருவிக்குள் நுழைந்த பிறகு, வழியைப் பார்ப்பதா வரிகளைப் பார்ப்பதா என்று முடிவெடுத்தால்? 2007 இல் பிரான்சில் 48 மீற்றர் நீளமான கருவியில் இதைச் செய்தே பார்த்தார்கள். பிந்தி முடிவெடுத்தாலும் விளைவு அந்த முடிவுக்கு ஏற்பவே வந்தது. போட்டன் நுழையும்போதே "நான் அலை" அல்லது "நான் துகள்" என்று தீர்மானித்துவிடுகிறது என்று நினைத்தால் மட்டும்தான் இங்கே காலம் பின்னோக்கி ஓடுவதுபோல் தெரியும். அப்படித் தீர்மானிக்கிறது என்று எந்தச் சமன்பாடும் சொல்லவில்லை.

அடையாளத்தைப் பிந்தி அழிக்கும் பரிசோதனைகளும் இருக்கின்றன, பிணைந்த இரட்டைப் போட்டன்களை (ஒன்றின் அளவீடு மற்றதன் அளவீட்டோடு தொடர்புபட்டிருக்கும் சோடிகளை) வைத்துச் செய்பவை; சோடியில் ஒன்று திரைக்குப் போகும், மற்றதைத் தனியாக அளப்பார்கள். அவற்றைப் பற்றித்தான் அதிகப் புரளி. மேலே சொன்ன இரண்டு எதிரெதிர் வரிப்படங்களை நினைவுபடுத்துங்கள். திரையில் மொத்தமாக விழுவது எப்போதும் மழுங்கல் வெளிச்சம்தான். பின்னால் மற்றப் போட்டனின் அளவீடு கிடைத்ததும், அந்தப் பட்டியலை வைத்துப் புள்ளிகளை இரண்டு குவியலாகப் பிரித்தால் ஒவ்வொரு குவியலிலும் வரிகள் தெரியும். ஏற்கெனவே விழுந்த ஒரு புள்ளியும் நகர்வதில்லை. நேற்றைய லொத்தர் இலக்கத்தை நேற்றைக்கே அனுப்ப வழியில்லை, மன்னிக்கவும்.

போட்டனை அழிக்காமல் அதைப் பார்க்கவே முடியாதா?

முடியும். பாரிசில் செர்ஜ் ஹரோஷ் குழு மீகடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) ஆடிகள் இரண்டுக்கு நடுவே மைக்ரோ அலைப் போட்டன் ஒன்றை அடைத்து வைத்தது. அது சராசரியாக 0.13 செக்கன் உயிரோடிருக்கும். அந்த நேரத்தில் ஒளி ஏறத்தாழ பூமியையே ஒருதரம் சுற்றிவிடும். குறுக்கே ஒவ்வொன்றாகப் போன ரூபிடியம் அணுக்கள் போட்டனை விழுங்காமல், அது இருக்கிறதா என்ற செய்தியை மட்டும் எடுத்து வந்தன. 2012 இல் ஹரோஷுக்கு டேவிட் வைன்லாண்டுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் கணக்கு நேராகிவிடுகிறது: போட்டன்களின் எண்ணிக்கை தெரியத் தெரிய அலையின் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, முற்றாகக் கலைந்துபோகிறது.

வீட்டில் எதையாவது செய்து பார்க்கலாமா?

தாராளமாக. லேசர் ரோச்சின் கதிருக்குக் குறுக்கே ஒரு தலைமயிரை ஒட்டி, 2 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் பாருங்கள். மயிர் 0.07 மில்லிமீற்றர் தடிப்பென்றால், நடுப்பொட்டின் இரண்டு பக்கமும் இருள் இடங்கள் ஏறத்தாழ 1.9 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக வரும். கதிரைக் கண்ணுக்குள் விடவேண்டாம், தம்பி தங்கையின் கண்ணுக்குள்ளும்தான்.

லேசர் இல்லாவிட்டால், இரவில் வாவிக்கு அக்கரையில் எரியும் ஒரு விளக்கைக் குடைத்துணியூடாகப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சிலுவைபோல ஒளிப்பொட்டுகள் வரிசையாகத் தெரியும், ஓரங்களில் நிறங்களோடு. 1785 இல் அமெரிக்காவில் ஒருவர் தெருவிளக்கைப் பட்டுக் கைக்குட்டையூடாகப் பார்த்து அதிசயித்துக் கேட்க, டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்பவர் அதிலிருந்துதான் மயிர்களை வரிசையாகக் கட்டித் தன் கருவியைச் செய்தார். மருதமுனை நெசவாளர் வீடுகளில் இதைவிட நல்ல துணிகள் கிடைக்கும்.

முனைவாக்கத்துக்கு, மடிகணினியின் எல்சிடி திரையிலிருந்து வருவதே முனைவாக்கிய ஒளிதான். அதற்கு முன் முனைவாக்கக் குளிர்கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும். அந்த நிலையில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு முனைவாக்கக் கண்ணாடியை 45 பாகையில் செருகினால் திரை மீண்டும் தெரியும். தாள்கள் குறையற்றவை என்றால் நாலில் ஒரு பங்கு ஒளி வரும். தடையைக் கூட்டினால் ஒளி கூடுகிறது!

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். இவையெல்லாம் பழைய அலைக் கொள்கையாலேயே விளங்கும். குவாண்டம் விந்தை தெரிவது, இதே விளைவுகள் ஒவ்வொரு போட்டனாக அனுப்பும்போதும் வருவதில்தான். அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

இது சித்தர்களும் வேதாந்தமும் சொன்னதுதானே?

சுவாமி விபுலானந்தர் அறிவியல் பட்டதாரி, இராமகிருஷ்ண மிஷன் துறவியும்கூட. இரண்டையும் ஒரே மனிதர் மதிக்கலாம் என்பதற்குக் காரைதீவிலும் கல்லடியிலும் வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் மாயை பற்றிய தத்துவம் 37 பாகையில் வரிகளின் தெளிவு எவ்வளவு என்று சொல்லாது, இந்தப் பரிசோதனை மாயையை நிரூபிக்கவும் செய்யாது. "நல்லதாக நினைத்தால் போட்டன்கள் உங்களுக்காக வேலை செய்யும்" என்று கருத்தரங்குக்குக் காசு கேட்பவர் வந்தால் காசைப் பையிலேயே வைத்திருங்கள்.

சரி, பிளவுக்கும் திரைக்கும் நடுவே உண்மையில் என்னதான் நடக்கிறது?

இதில் பௌதிகவியலாளர்களிடமே ஒருமித்த கருத்து இல்லை. நீல்ஸ் போர் என்ற பௌதிகவியலாளரின் வழிவந்தவர்கள், அளவிடாத வழியைப் பற்றிப் பேசுவதே பொருளற்றது என்பார்கள். 1952 இல் டேவிட் போம், துகளுக்குத் திட்டமான பாதை உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது என்றார். 1957 இல் ஹியூ எவரெற், எல்லா விளைவுகளுமே நடக்கின்றன, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம் என்றார். மேலே சொன்ன பரிசோதனைகள் எல்லாவற்றுக்கும் மூன்று தரப்பும் ஒரே விடையைத்தான் கணிக்கின்றன. என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், வகுப்பில் நீல்ஸ் போர், வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எவரெற்.

இதனால் யாருக்காவது பயன் உண்டா?

உண்டு. 1984 இல் பெனற், பிராசார் இருவரும், அளவீடு அடையாளம் விட்டுச்செல்லும் இதே குணத்தைக் காவலாக மாற்றினார்கள். இரகசியச் சாவியின் ஒவ்வொரு இலக்கத்தையும் ஒரு போட்டனின் முனைவாக்கத்தில் எழுதி அனுப்புகிறோம், சிலவற்றை நிலைக்குத்து கிடை என்ற முறையில், சிலவற்றை 45 பாகை முறையில், எது எந்த முறை என்று சொல்லாமல். நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்க வேண்டுமானால் அளந்துதான் ஆகவேண்டும், அளந்து மறுபடி அனுப்பவும் வேண்டும். பாதித் தடவை தவறான முறையில் அளப்பார். அப்படி அளந்தவற்றில் பாதி, மறுமுனையில் பிழையாக வாசிக்கப்படும். ஆக, அனுப்பியவரும் பெற்றவரும் ஒரே முறையைப் பயன்படுத்திய இலக்கங்களில் நாலில் ஒன்று பிழையாகிவிடும். இருவரும் அவற்றில் 20 இலக்கங்களை மட்டும் வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தாலே போதும், எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்ட ஒருவர் அகப்படாமல் தப்ப இருக்கும் வாய்ப்பு 0.75 இன் 20ஆம் அடுக்கு. கல்குலேற்றரில் தட்டிப் பாருங்கள், ஆயிரத்துக்கு மூன்றுதான் வரும்.